சொல்லுக்கு ஒரு படம்

கடினமான ஆங்கிலச் சொல் மறக்காமலிருக்க, அதற்கு ஒரு கோமாளிப் படத்தை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். பயிற்சி வகுப்பில் ரெஜினா மிஸ்ஸின் முறை அது. நான் எல்லாப் படத்திலும் என் மனைவி சங்கவியை வைத்திருந்தேன். ‘வொரேஷியஸ்’ என்றால் அவள் இட்லியைத் துணியோடு விழுங்குவாள். ‘லெதார்ஜிக்’ என்றால் எருமை மேல் படுத்துக் குறட்டை விடுவாள். “ஒரு படத்துலயாவது என்னை அழகா காட்டேன்டா” என்று சண்டை போடுவாள்.

மார்ச்சில் இறந்துபோனாள். இப்போது தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. தேறினால்தான் வெளிநாட்டு வேலை, இந்த வீட்டைவிட்டுப் போக ஒரே வழி. புத்தகத்தைத் திறந்தால் அவள் விழுங்குகிறாள், குறட்டை விடுகிறாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“ஆளை மாத்துங்க தம்பி. உங்க மேனேஜரைப் போடுங்க” என்றார் மிஸ். போட்டேன். மேனேஜர் எருமை மேல் ஏறி உட்கார்ந்தார். சொல் மறந்துவிட்டது.

எரிச்சலில் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். நானே போய் எடுத்துவந்து புதுப் பாடத்தைப் பிரித்தேன். முதல் சொல்லுக்குப் பொருள் படித்து முடிக்கவில்லை, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

“ம், சொல்லு. இன்னைக்கு என்னை என்ன பண்ணப்போறே?”