கடலைக்கு வந்த புஜம்

பயில்வான் படம் போட்ட புரோட்டீன் பவுடர் டப்பா வந்ததிலிருந்து அலமாரியில் கொண்டைக்கடலைக்கு மதிப்பில்லை. "நானும் புரோட்டீன்தானே அண்ணே?" என்று பாக்கெட்டுக்குள்ளிருந்து கேட்டுப் பார்த்தது.

"இருக்கலாம். ஆனா என் விலைக்கு உன்னை மூட்டையாவே வாங்கலாம். உனக்குப் படம் இருக்கா?" என்றது டப்பா. கடலைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பவுடர் தீர்ந்தது. இவ்வளவு நல்ல டப்பாவைத் தூக்கிப் போட வீட்டுக்காரி குமுதவல்லிக்கு மனசு வரவில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, கடலையை அதில் கொட்டி மூடினாள். உள்ளே இருட்டில் கடலை தன் புஜத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. கொஞ்சம் ஏறியிருந்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் புதிதாக வந்த பச்சைப்பயறு, "நானும் புரோட்டீன்தானே அண்ணே?" என்று கேட்டது.

"இருக்கலாம்," என்றது கடலை, டப்பாவுக்குள்ளிருந்து. "உனக்குப் படம் இருக்கா?"