ஓடிக்கொண்டிருந்த கார்

ஊரெல்லாம் பாடும் பாட்டுகளைக் கட்டிய சீதாபதி ஐயா காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் எழுந்து வந்தார். கார் கொட்டகை முன்னால் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இஞ்சின் சத்தம் கேட்டால்தான் அவருக்கு மெட்டு வரும். அதற்காகவே நிலத்தை விற்றுக் கார் வாங்கியவர்.

காரோட்டி பேச்சிமுத்து இஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினான். கொட்டகையே அதிர இஞ்சின் ஓடத் தொடங்கியது.

"பத்து நாளா வீடே ஊமையாக் கெடக்கு. நீயாவது சத்தம் காட்டுடா. சோறு திங்கலியா? சுத்து!" என்று ஐயா கத்தினார்.

விளையாடுகிறார் என்று சிரித்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஓடுகிற இஞ்சினில் கைப்பிடியைச் செருகினால் கை முறியும். செருகாவிட்டால், அவருக்குக் காது போனதை இவன் சொல்ல வேண்டும்.

"ஓடுதுங்கய்யா!"

"முணுமுணுக்காதே. சுத்து. பாட்டு பாதியில நிக்குது."

அதுவரை தொட்டறியாத ஐயாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் காரின் நடுங்கும் தகரத்தின் மேல் வைத்தான். சூடு ஏறியும் ஐயா கையை எடுக்கவில்லை.

"எப்பருந்துடா ஓடுது?"

பேச்சிமுத்து தொண்டை கிழியச் சொன்னான்.

ஐயா திரும்பவும் அதையே கேட்டார்.