கேழ்வரகுக் களி வைத்தியம்

வில்லியனூர் தையல் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டெல்லா போனில் பேசியதைக் கேட்ட செல்வகுமாரிக்குச் சோறே இறங்கவில்லை.

“அம்மா, மீனு, கறி எதுவும் வாணாம். கேட்டா மீன்காரம்மா வரலன்னு சொல்லிடு. காலையில கேவுரு களி, முருங்கக்கீர. மத்தியானம் காராமணிக் கொழம்பு. ராத்திரிக்கும் அதே கொழம்பு. செலவும் கம்மி, வயிறும் ரொம்பிடும். ரெண்டே நாள்ல தானா பொட்டியக் கட்டிடுவாங்க.”

வந்த விருந்தாளிகளைத் துரத்த இப்படியும் ஒரு திட்டமா என்று செல்வகுமாரிக்குக் கோபம் வந்தது.

“ஏன்டி, வந்தவங்க நாலு நாள் வாய்க்கு ருசியா தின்னா இன்னா கொறைஞ்சிடும்? யாரு, உன் மாமியார் வூட்டு சனமா?”

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என் வூட்டுக்காரரும் பசங்களும்தான்க்கா! லீவுன்னு சோரியாங்குப்பத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போனவங்க, அது வைக்கிற மீன் கொழம்புல சொக்கிப்போயி திரும்பியே வர மாட்டேங்கறாங்க. வூடே வெறிச்சோடிக் கெடக்கு.”

செல்வகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து, அதே சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லாவின் அம்மா போனில் கூப்பிட்டாள்.

“நீ சொன்னபடிதான்டி ஆக்கிப் போடறேன்.”

“கெளம்பிட்டாங்களா?” ஸ்டெல்லா ஆவலாகக் கேட்டாள்.

“எங்கடி? மாப்ள களிய ரெண்டு தபா வாங்கித் தின்னுட்டு, ‘அப்படியே ஸ்டெல்லா கைப்பக்குவம் அத்த! அவ நெனப்பு வந்து நாளைக்குக் கெளம்பலாம்னு இருந்தேன். இனிமே இன்னா கவல? இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போறோம்’ங்கறாரு!”