இங்கே கேன்சல் கிடையாது

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜேசன் வீட்டு மாடியறை. சாயங்கால வெயில் அவன் கையிலிருக்கும் கேம் கன்சோலின் திரையில் பட்டுக் கூசுகிறது. எதிரே ருக்ஸானா தன் கன்சோலோடு சம்மணமிட்டிருக்கிறாள். மிருகங்களை மோதவிடும் இந்த ஆட்டத்துக்கு ரசிகர்களே கம்ப்யூட்டரில் உருவாக்கிய நகலான சிமுலேட்டரில் ஆறு மாதமாக அவளைத் தோற்கடித்து, ஒவ்வொரு தடவையும் எல்லோரும் படிக்கிற சாட்டில் "போய் டீ போடும்மா" என்று எழுதியவன் அவன். அங்கே அவசரப்பட்டு ஒரு தாக்குதலைத் தேர்ந்தெடுத்தாலும், எதிராளி தேர்ந்தெடுக்கும் வரை மாற்றிக்கொள்ளலாம். முதலில் அழுத்திவிட்டு அப்புறம் மாற்றும் அவனுடைய அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இன்று அவனை அதிகாரபூர்வ ஆன்லைன் ஆட்டத்துக்கு இழுத்திருக்கிறாள். இங்கே அழுத்தினால் அழுத்தியதுதான். ஜேசனின் கட்டைவிரல் தவறான தாக்குதலை அழுத்திவிட்டு, இல்லாத பட்டனைத் தேடி அலைகிறது.

"ஐயோ, மாத்தி அழுத்திட்டேன். கேன்சல் எங்க இருக்கு?"

"இங்க கேன்சல் கிடையாது, ஜேசன்."

அவனிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு டிராகன். சிமுலேட்டரில் தோற்றால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். இங்கே முழங்கால் மடங்கி, தலை தொங்கி, மெதுவாகத்தான் சாயும். அதற்கு அவள் ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

"சீக்கிரம் முடிச்சுத் தொலை."

அவள் தாக்குதலைத் தேர்ந்தெடுக்க இன்னும் நாற்பது வினாடி இருக்கிறது. ருக்ஸானா கன்சோலை மடியில் வைத்துவிட்டு, அவன் கொண்டுவந்து வைத்த டம்ளரை எடுத்து ஊதி ஊதிக் குடிக்கிறாள்.

"டீ நல்லாத்தான் போட்டிருக்க."