மாசற்ற கடல்

மணல்மேட்டு விடுதியின் சாளரங்களில் கடல் எந்நாளும் மாசற்றே விளங்கும். குப்பை, வலை, வள்ளம், மனிதர் என விருந்தினரின் கண்ணை உறுத்தும் எதையும் அக்கண்ணாடி காட்டாது. நீலத்தையும் வெண்திரையையும் மட்டுமே காட்டும்.

அதனால் அறைகளைத் துப்புரவு செய்யும் பிலோமினாள், காலை ஏழு மணிக்கு ஏழாம் அறையின் சாளரத்தைத் திறந்துவைப்பாள். அவ்வேளையில்தான் அவள் கணவன் கஸ்பாரின் வள்ளம் கரைதிரும்பும். அவன் சிவப்புத் துண்டை உயர்த்தி வீசுவான். கடலின் விண்மீனாகிய மாதாவுக்கு அவள் ஒரு செபம் சொல்லிச் சாளரத்தை மூடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் சென்றபோது, அவ்வறையில் புதுமணத் தம்பதியர் தங்கியிருந்தனர்.

"திறக்காதீங்கக்கா, ஏசி காத்து வெளியே போயிரும்," என்றாள் மணப்பெண். "கண்ணாடி வழியாவே அழகாத்தானே இருக்கு?"

"அழகுதாம்மா," என்று சிரித்த பிலோமினாள், திறவாமலே கண்ணாடியைத் துடைத்தாள். கடல் துயில்வதுபோல் கிடந்தது.

நண்பகலில், கஸ்பாருடன் வள்ளத்தில் போயிருந்த அவள் தம்பி சவரி மட்டும் நீந்திக் கரைசேர்ந்தான். ஈரம் சொட்டச் சொட்ட வந்து அவள் காலடியில் அமர்ந்தான்.

"வள்ளம் கவுந்ததுல மச்சான் காலு வலையில சிக்கிக்கிச்சுக்கா. நீந்திப் போய் ஆளக் கூட்டியாரேன்னேன். 'வேண்டாம்ல, ஏழாம் நம்பர் ஜன்னல்ல ஒங்கக்கா நிப்பா, எப்படியும் பாத்துருவா'ன்னு துண்ட வீசிக்கிட்டே இருந்தாரு. முங்குற வரைக்கும் வீசுனாரு. நீ அங்க இல்லையாக்கா?"

பிலோமினாள் தன் கையிலிருந்த துடைதுணியைப் பார்த்தாள்.

"அங்கதாம்ல நின்னேன்," என்றாள்.