கல்லில் காய்த்த கத்தரிக்காய்

அழகர் மலை இருக்கும் திசைக்குக் கைகூப்பிச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முப்பத்தாறாம் வருடம், தல்லாகுளத்தில், கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுக்கும் ஒரு கல்லச்சுப் பட்டறை, உச்சிவேளை. ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில், தீப்பெட்டிப் படம் வரைகிற காசிமாயனின் முழங்கையில் நிற்கிறது. தூக்குவாளி இன்னும் திறக்கப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில், யாரும் கேட்காத ஒரு கத்தரிக்காயை அச்சுக்கல்லில் வரைந்து முடித்திருக்கிறான். முதலாளி வந்து நிற்கிறார். “யாருடா இதக் கேட்டா?” “யாரும் கேக்கல மொதலாளி. எனக்குத்தான் வரஞ்சு பாக்கணும்னு இருந்துச்சு.” “கல்லு என்ன உங்கப்பன் வீட்டுதா? நாளையிலருந்து வராத.” படத்தை அழிக்க அவரே விரலை வைக்கிறார். காம்பு முள் குத்தி, ஒரு பொட்டு ரத்தம் கல்லில் விழுகிறது. விரலை வாயில் வைத்தபடி கத்தரிக்காயையே பார்க்கிறார். ஈரக் காகிதங்கள் கொடியில் மெல்ல ஆடுகின்றன. “இம்புட்டு முள்ளாடா? அழிக்காத. அடுத்த தீப்பெட்டிக்கு இதத்தான் போடுறோம். நாளைக்கு வெள்ளன வந்துரு.” காசிமாயன் கையைக் கழுவிவிட்டுத் தூக்குவாளியைத் திறக்கிறான். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை; அந்தக் கத்தரிக்காய்க்காக அவனை வேலையைவிட்டு நிறுத்திய மறுமாதம், அந்தக் காலி இடத்தில்தான் நான் பட்டறையில் சேர்ந்தேன்.