கொடுக்காத கடன்

“முடியாதுன்னா முடியாதுதான், ஜெகதீசன்.”

வங்கி மேனேஜர் கோவிந்தராஜன் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டியதும் ஜெகதீசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிழைக்க வந்த சிஞ்ச்வட்டில் வண்டிப் பாகங்கள் கடையும் சின்ன லேத் பட்டறை அவனுக்கு. பழைய கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அது 1996. ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. புது மெஷின் வாங்கத்தான் கடன் கேட்டிருந்தான்.

“நம்ம ஊர்க்காரர், கை கொடுப்பீங்கன்னு நம்பி வந்தேன் சார்!”

“பட்ஜெட்ல பெரிசா துண்டு விழுது. சர்க்காரே பதினாலு வட்டிக்குக் கடன் வாங்குது. மிச்சப் பணத்துக்குத்தான் நீங்கள்லாம் அடிச்சுக்கறீங்க. அதான் உங்களுக்குப் பத்தொன்பது. உங்க சாமானுக்கு வருஷத்துல எவ்வளவு விலை ஏறுது?”

“ஆறு சதவீதம் ஏறினா பெரிசு.”

“அப்ப மீதி பதிமூணு? அது உங்க ரத்தம். ஆர்டர் குறைஞ்சா அந்த மெஷினே உங்களைத் தின்னுடும்.”

“கொடுக்க மனசில்லைன்னு சொல்லுங்க. பட்ஜெட் கதையெல்லாம் எதுக்கு?”

எழுந்தவன் நேரே வங்கியின் மண்டல அலுவலகத்துக்குப் போனான். ‘சிறுதொழில்காரங்களை விரட்டியடிக்கிறார்’ என்று புகார் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினான்.

பக்கத்துப் பட்டறை கிறிஸ்டோபருக்கு வேறொரு வங்கி கடன் கொடுத்தது. புது மெஷினுக்கு மாலை போட்டு, எல்லோருக்கும் பேடா கொடுத்தான். ஜெகதீசனுக்கு வயிறு எரிந்தது.

மறு வருஷம் வண்டி விற்பனை படுத்தது. ஆர்டர் பாதியானது. வட்டி மட்டும் அப்படியே நின்றது.

ஒருநாள் காலை பட்டறைக்கு வந்த ஜெகதீசன் உறைந்துபோனான். கிறிஸ்டோபரின் கதவில் சீல். வாசலில் கிறிஸ்டோபர் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“மெஷினோட போகலை ஜெகா. குடியிருக்கிற ஆகுர்டி வீட்டையும் அடமானமா எழுதிக் கொடுத்திருந்தேன்.”

கடன் கிடைத்திருந்தால் தன் கதியும் இதுதான் என்று ஜெகதீசனுக்கு உறைத்தது. தன் வங்கிக்கு ஓடினான். மேனேஜர் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்.

“கோவிந்தராஜன் சார் எங்கே?” கவுண்டரில் இருந்த எஸ்தரிடம் கேட்டான்.

“மாத்திட்டாங்க சார், போன வருஷமே. அவர் மேல புகார் போச்சு. வரவேண்டிய பிரமோஷனும் போச்சு.”

அவன் கவுண்டரை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினான்.

“புகார் சொன்னது யாருன்னு... அவருக்குத் தெரியுமா?”

எஸ்தர் நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

“தெரியும். கிளம்பற அன்னிக்கும் என்கிட்ட ஒண்ணுதான் கேட்டார். ‘அந்த ஜெகதீசன் வேற எங்கேயும் கடன் வாங்கிடலையேம்மா?’”